புதுப்பேட்டையின் பெயரற்ற இரும்புகள்

சென்னை எழும்பூர் இரயில் நிலையத்திலிருந்து தெற்கு நோக்கி நடந்தால் சிறிது தொலைவில் ஆதித்தனார் சாலை வருகிறது. முன்னாளில் அதற்கு ஹாரிஸ் சாலை என்று பெயர். முதியவர்கள் இன்றும் அப்பெயரையே சொல்கிறார்கள். அச்சாலை கூவம் ஆற்றை நெருங்குமிடத்தில் கிளைத்துச் செல்லும் தெருக்களும் சந்துகளும் சேர்ந்ததுதான் புதுப்பேட்டை. அங்கே போய்ச் சேர யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. சம்மட்டி இரும்பில் விழும் ஓசை முதலில் காதுக்கு வரும். பிறகு பழைய எஞ்சின் எண்ணெய், மண்ணெண்ணெய், இரும்பறுக்கும் வாயு விளக்கின் புகை, எல்லாவற்றுக்கும் அடியில் ஆற்றின் வாடை. இவை கூடி வந்துவிட்டால் இடம் வந்துவிட்டதென்று அறியலாம்.

ஓடி ஓய்ந்த வாகனங்களும் விபத்தில் நொறுங்கிய வாகனங்களும் இங்கே வந்து உறுப்பு உறுப்பாகப் பிரிகின்றன. ஒரு கடையில் கதவுகள் மட்டும் புத்தகங்களைப் போல் வரிசையாக நிற்கின்றன. அடுத்த கடையில் விளக்குகள் மட்டும். அதற்கடுத்ததில் பற்சக்கரங்கள். காருக்கு உரியவை ஒரு பக்கம், இரு சக்கர வண்டிக்கு உரியவை ஒரு பக்கம் என்று தெருக்களும் தமக்குள் பங்கு பிரித்துக்கொண்டிருக்கின்றன. இவ்வணிகத்தில் ஈடுபட்டிருப்போரில் கணிசமானோர் நம் சமுதாயத்தினர். தொப்பியும் எண்ணெய்க் கறை படிந்த கைகளுமாக, பாங்கோசை கேட்டதும் கையைச் சோப்புத் தூளால் தேய்த்துக் கழுவிக்கொண்டு பள்ளிக்கு விரைகிற இளைஞர்களை லுஹர் வேளையில் காணலாம். அந்தக் கறை ஒரு கழுவலில் போவதில்லை. தோலின் மீது நீர் படவிடாமல் தடுக்கும் பொருள் இருந்தால் ஒளு நிறைவேறாது என்ற சட்டத்தை நாம் பாடமாக நடத்துகிறோம். அவர்கள் அதை நாள்தோறும் ஐந்து முறை நகக்கண்களில் நடத்துகிறார்கள்.

இந்தத் தெருக்களில் ஒன்றில் நம் மக்தபில் சிறுவயதில் ஓதிய ஒருவர் கடை வைத்திருக்கிறார். சாலைக்கு முதுகு காட்டிய ஒடுங்கிய கடை. அவர் விற்பது மோட்டார் சைக்கிளின் முன்பகுதி உறுப்புகளை மட்டுமே. குறிப்பாக, முன்சக்கரத்தைத் தாங்கும் கவை. கடைத்தெருவில் அதற்கு ‘ஃபோர்க்’ என்று பெயர். சென்னையில் ஒரு கூட்டத்துக்கு வந்த எனக்கு இரவு வண்டி வரை நேரமிருந்தது. அரை நாள் அவருடைய கடையின் முக்காலியில் அமர்ந்து பார்த்ததையே இங்கே எழுதுகிறேன்.

கவை என்பது இரண்டு கால்கள். ஒவ்வொரு காலிலும் மேலே பளபளக்கும் எஃகுக் குழாய் ஒன்று. கீழே அதன்மீது ஏறி இறங்கும் உறை ஒன்று. பெரும்பாலும் அலுமினிய வார்ப்பு. உள்ளே சுருள்வில்லும் எண்ணெயும். பள்ளத்தில் சக்கரம் இறங்கினால் வில் அதிர்ச்சியை ஏற்றுக்கொள்கிறது. வில் மட்டும் இருந்தால் வண்டி பந்தைப்போலத் துள்ளிக்கொண்டே போகும். அதை அடக்குவது எண்ணெய். மருத்துவர் ஊசி போடும் குழலில் நீரை வேகமாகத் தள்ளிப் பாருங்கள்; சிறு துளை எதிர்த்து நிற்கும், மெதுவாகத் தள்ளினால் விட்டுக்கொடுக்கும். அதே வேலைதான் கவைக்குள் நடக்கிறது. இரண்டு கால்களையும் மேலே இரண்டு பிடிகள் இறுக்கிப் பிடித்திருக்கின்றன. பிரேக்கை அழுத்தும்போது வண்டியின் பாரமும் ஏறியிருப்போரின் பாரமும் முன்னே சாய்ந்து இந்தக் கால்களின் மேல்தான் விழுகின்றன. கீழ்ப்பிடிக்குச் சற்றுக் கீழே குழாய் முறிந்தால், ஓட்டுபவர் வண்டிக்கு முன்னால் போய் விழுவார். விளக்கு உடைந்தால் இருட்டு. கண்ணாடி உடைந்தால் முதுகுப்பக்கம் தெரியாது. கவை உடைந்தால் என்ன ஆகும் என்பதை வீட்டில் காத்திருப்பவர்கள்தாம் அறிவார்கள்.

இவ்வளவு பொறுப்பான உறுப்பின் மீது பெயர் இல்லை என்பதுதான் எனக்கு வியப்பளித்தது. கடையின் மூன்று சுவர்களிலும் நூற்றுக்கணக்கான குழாய்கள் மூங்கில் கட்டுகளைப்போல் சாய்ந்து நிற்கின்றன. எதிலும் எழுத்தில்லை, எண்ணில்லை. உற்பத்தி செய்வோர் பாக எண்ணை அட்டைப் பெட்டியின் மீது அச்சிடுகிறார்கள், அல்லது ஒட்டுத்தாளில் இடுகிறார்கள். பெட்டி முதல் நாளே குப்பைக்குப் போகிறது. குழாயின் மேற்பரப்போ நுணுக்கமாகச் சாணைபிடித்துக் குரோமியம் பூசப்பட்டது. எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம் அதன்மீது ஓயாமல் உரசிச் செல்வதால் அதில் எழுத்து வெட்டவும் முடியாது. கீழ் உறையில் வார்ப்பின்போதே பதிந்த குறிகள் சில இருக்கும். அவற்றையும் மெருகேற்றுபவர்கள் தேய்த்துவிடுகிறார்கள், வண்ணம் பூசுபவர்கள் மூடிவிடுகிறார்கள்.

மதரஸாக்களின் பழைய பேழைகளில் முதல் ஏடும் கடைசி ஏடும் இழந்த கிதாபுகள் கிடப்பதுண்டு. அரபுத் தமிழ்ச் சுவடிகளிலும் அப்படிப்பட்டவை உண்டு. நூலின் பெயர் தெரியாது, எழுதியவர் தெரியாது, படியெடுத்த ஆண்டு தெரியாது. ஆயினும் தேர்ந்த ஆசிரியர் கையில் எடுத்துக் காகிதத்தைத் தடவி, மையைப் பார்த்து, எழுத்தின் வளைவை நோக்கி, நடுவில் ஒரு பக்கத்தைப் படித்து, இன்ன நூல் என்று சொல்லிவிடுவார். அந்தக் கலையின் உடன்பிறப்பு ஒன்று புதுப்பேட்டையில் இருப்பதை நான் அறிந்திருக்கவில்லை.

“விட்டத்தைத்தான் முதல்ல பார்ப்போம் ஹஜ்ரத்” என்று அவர் தொடங்கினார். கையிலிருந்தது வெர்னியர் அளவுகோல். குழாயை அதன் தாடைகளுக்கிடையே வைத்து, ஒரு முறை அளந்தபின் குழாயைக் கால் சுற்று திருப்பி மறுபடியும் அளக்கிறார். இரண்டும் ஒத்துவராவிட்டால் குழாய் வட்டம் கெட்டிருக்கிறது. அளக்கும் இடமும் முக்கியம். உறை உரசிய பகுதியில் பூச்சு தேய்ந்திருக்கும். ஆகவே பிடிக்குள் ஒளிந்திருந்த மேல்பகுதியில்தான் உண்மை அளவு கிடைக்கும்.

அந்த அளவுகளை அவர் ஒப்புவிப்பதைக் கேட்டால் நம் பிள்ளைகள் பாடம் ஒப்புவிப்பது நினைவுக்கு வரும். பழைய புல்லட்டுக்கு 35 மில்லிமீட்டர். 1983 முதல் 1989 வரை இங்கே உருவாகி, இன்றும் இளைஞர்கள் தேடியலையும் ராஜ்தூத் 350க்கு 34. 2008இல் வந்த யமஹா எஃப்.இசட். வண்டிக்கு 41. 2012 முதல் இங்கு விற்பனையாகும் கே.டி.எம். டியூக் 200க்கு 43; அதிலோ கவை தலைகீழாக இருக்கும், தடித்த உறை மேலேயும் மெல்லிய குழாய் கீழேயுமாக. 2009இல் வந்த கிளாசிக் 350க்கு 35. 2021இல் அதே பெயரில் புதிதாக வந்ததற்கு 41. பெயரை மட்டும் சொல்லி வாங்க வருபவர் இங்கேதான் இடறுகிறார். வண்டியின் பெயர் ஒன்று, கால் இரண்டு வகை.

விட்டம் ஒத்துப்போனாலும் முடிவுக்கு வரக் கூடாதாம். எஃப்.இசட். குழாய்க்கும் 2016இல் வந்த ஹிமாலயன் குழாய்க்கும் விட்டம் ஒன்றே. ஆனால் முன்னதன் சக்கரம் 130 மில்லிமீட்டர் ஏறி இறங்கும். மலைப்பாதைக்கென்று அமைந்த பின்னதன் சக்கரம் 200 மில்லிமீட்டர். அதற்கேற்ப நீளம் மாறுகிறது. ஆகவே விட்டத்துக்கு அடுத்து நீளம், நீளத்துக்கு அடுத்து மேல்முனை. மூடி உள்ளே திருகப்படுகிறதா, வளையம் கொண்டு பூட்டப்படுகிறதா? பிடி கவ்விய தடம் எந்த உயரத்தில் இருக்கிறது? அந்தத் தடங்கள் இரண்டுக்குமிடையே உள்ள தொலைவே, கழற்றப்பட்ட வண்டியின் கழுத்து எவ்வளவு உயரம் என்பதைச் சொல்லிவிடுகிறது. வண்டி இல்லாமலே வண்டியின் கழுத்தை அளப்பது இப்படித்தான்.

கீழ் உறை இன்னும் வாயாடி. சக்கர அச்சு நுழையும் துளை காலின் நடுவில் இருக்கிறதா, முன்னே தள்ளியிருக்கிறதா என்று பார்க்கிறார். உள்பக்கத்தில் ஒரு குமிழ் துருத்திக்கொண்டிருந்தால் அது பழைய முறை டிரம் பிரேக்கின் தட்டைச் சுழலவிடாமல் பிடிக்க. இரண்டு துளையுள்ள காதுகள் இருந்தால் டிஸ்க் பிரேக்குக்கு. அந்தத் துளைகளின் நடுவிலிருந்து நடுவுக்கு உள்ள தொலைவு ஒவ்வொரு வண்டிக்கும் ஒவ்வொரு விதம். மட்கார்டு பூட்டும் துளைகளும் அப்படியே. பழைய புல்லட்டின் உறையைக் குழந்தைகூடச் சொல்லிவிடும் என்றார்: அடிமுனை முழுத்துளையாக இராது, பாதி வட்டமாக வெட்டப்பட்டு, மறுபாதி ஒரு மூடியாகக் கீழிருந்து வந்து திருகாணிகளால் இறுக்கப்படும்.

வண்ணத்தைச் சுரண்டினால் சில உறைகளின் உட்புறத்தில் ஒரு சிறிய வட்டம் தெரிகிறது. விளிம்பில் 12 வரை எண்கள், நடுவில் ஒரு அம்புக்குறி, அதன் இருபுறமும் ஆண்டு. அம்பு காட்டும் எண்தான் அந்த உறை வார்க்கப்பட்ட மாதம். அதைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி, சுவடியின் ஓரத்தில் ஹிஜ்ரி ஆண்டைக் கண்டவனின் மகிழ்ச்சி. எண்ணெய் வளையத்தின் முகத்திலும் எண்கள் உண்டு. 41×54×11 என்றிருந்தால் முதலாவது உள்விட்டம், அடுத்தது வெளிவிட்டம், மூன்றாவது தடிப்பு. குழாய் தொலைந்துபோய் உறை மட்டும் கிடைத்தால் இந்த வளையமே சாட்சி. ஆனால் அதை ஒரே சாட்சியாக ஏற்க மாட்டேன் என்கிறார் அவர். யாரோ ஒரு பட்டறைக்காரர் கையில் கிடைத்த வளையத்தைத் திணித்திருக்கக்கூடும். சாட்சியின் நம்பகத்தை ஆராயும் இந்தப் பழக்கம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. நம் மக்தபிலிருந்து என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

இப்படிப் பார்த்துப் பார்த்து, ஓர் இரும்பு ‘எது’ என்பதை அவரால் சொல்லிவிட முடிகிறது. அது ‘யாருடையது’ என்பதை எந்த அளவுகோலும் சொல்வதில்லை.

புதுப்பேட்டையைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு உண்டு. காலையில் தொலைந்த வண்டியை மாலையில் அங்கே துண்டு துண்டாகப் பார்க்கலாம் என்பார்கள். நாணயமாகத் தொழில் செய்வோர் அதைக் கேட்டுக் கூசுகிறார்கள். ஆனால் வெறும் கட்டுக்கதை என்று தள்ளிவிடவும் முடியாது. திருட்டு வண்டிகளைத் தேடிக் காவல்துறையினர் இங்கே வருவது புதிதன்று. வண்டியின் சட்டகத்திலும் எஞ்சினிலும் எண் பொறிக்கப்பட்டிருக்கிறது. கவைக்கு அப்படியொன்றும் இல்லை. கழற்றப்பட்ட கணமே அது தன் பூர்வீகத்தை இழந்துவிடுகிறது. நம் துறையில் ஸனது இல்லாத செய்தி என்போமே, அதைப்போல. ஆகவே பொருளை ஆராய்ந்து பயனில்லாதபோது கொண்டு வந்தவரை ஆராய வேண்டியிருக்கிறது. நம் மாணவர் தனிக் குழாய்களைத் தெருவில் வருவோரிடம் வாங்குவதில்லை. பதிவு நீக்கப்பட்ட வண்டிகளையும், காப்பீட்டு நிறுவனங்கள் ஏலம் விடும் விபத்து வண்டிகளையும் முழுதாக, தாள்களோடு வாங்கித் தாமே பிரிக்கிறார். வண்டிகளை முறைப்படி உடைப்பதற்கான நிலையங்கள் பற்றி மத்திய அரசு 2021இல் விதிகளை வெளியிட்டிருக்கிறது. அந்த முறை பெருகப் பெருக இந்தத் தெருவின் தொழில் என்ன ஆகும் என்ற கவலை அவருக்கு இருக்கிறது. கடைகளையெல்லாம் நகருக்கு வெளியே மாற்றும் பேச்சும் பல ஆண்டுகளாக எழுவதும் அடங்குவதுமாக இருக்கிறது.

பேசிக்கொண்டிருக்கும்போது ஒருவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். ஆரணிப் பக்கத்திலிருந்து வருவதாகச் சொன்னார். எவர்சில்வர் பாத்திரங்களை வண்டியின் இருபுறமும் கட்டிக்கொண்டு கிராமம் கிராமமாக விற்பவர். நாளிதழில் சுற்றிய ஒரு குழாயைப் பிரித்து வைத்தார். அது வளைந்திருப்பது என் கண்ணுக்கே தெரிந்தது.

“புல்லட் பைப்பு பாய். இதுக்கு ஜோடி ஒண்ணு வேணும். ஒண்ணு போதும்” என்றார்.

நம் மாணவர் குழாயின் மேல்முனையைத் திருப்பிப் பார்த்தார். “அண்ணே, உங்க வண்டியில ஹெட்லைட்டும் ஸ்பீடாமீட்டரும் ஒரே கூட்டுக்குள்ள இருக்குதா, தனித்தனியா இருக்குதா?”

“தனித்தனியாத்தான் இருக்குது.”

“அப்போ அது புல்லட் இல்லண்ணே, தண்டர்பேர்டு.”

ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தின் எந்த வண்டியையும் புல்லட் என்றே அழைப்பது நம் நாட்டு வழக்கம். சென்னைத் திருவொற்றியூரில் 1955இல் தொடங்கிய அந்தத் தொழிற்சாலை அத்தனை ஆண்டுகள் புல்லட்டின் பெயரோடு பிணைந்துவிட்டது. புல்லட்டில் முன்விளக்கின் கூடே கவையின் மேல்பிடியாகவும் இருக்கிறது. குழாய்கள் இரண்டும் அதற்குள் போய் மறைகின்றன. 2002இல் வந்த தண்டர்பேர்டில் விளக்கு தனி, மேல்பிடி தனி. குழாயின் தலை மாறிவிடுகிறது. பெயரை நம்பிப் புல்லட் குழாயைக் கொடுத்திருந்தால் அந்த மனிதர் ஆரணி வரை போய்த் திரும்ப வந்திருப்பார். திரும்பி வந்தால்கூட நல்லது. ஊரிலே சிலர் ஒவ்வாத குழாயை எப்படியாவது ஒவ்வவைத்துவிடுகிறார்களாம். குழாய் ஒரு மில்லிமீட்டர் மெலிதாக இருந்தால், தகரக் குவளையை வெட்டிச் சுற்றிப் பிடிக்குள் இறுக்கிவிடுவது. அப்படிப்பட்ட தகரத்துண்டுகளை நம் மாணவர் ஒரு டப்பாவில் சேர்த்து வைத்திருக்கிறார். எனக்கு எடுத்துக் காட்டினார். ஒன்றில் குளிர்பானத்தின் பெயர் அழியாமல் இருந்தது.

அளவுகளைக் குறித்துக்கொண்டு அவர் குழாய்க் கட்டுகளிடையே நுழைந்தார். அதிக நேரம் ஆகவில்லை. நீளமும் தலையும் விட்டமும் ஒத்த ஒன்று கிடைத்தது. துடைத்தபோது புதிதுபோல் மின்னியது. வந்தவர் முகம் மலர்ந்து சட்டைப் பையில் கை விட்டார். “இருங்கண்ணே” என்று சொல்லிவிட்டு, கல்லாவுக்கு அடியிலிருந்து தடித்த கண்ணாடிப் பலகை ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். குழாயை அதன்மேல் கிடத்தி விரலால் மெதுவாக உருட்டினார். குழாய் ஓரிடத்தில் தயங்கித் தயங்கி உருண்டது. மறுபுறம் கைவிளக்கை வைத்தார். குழாய்க்கும் கண்ணாடிக்கும் நடுவே, கீழ்ப்பிடி கவ்வும் இடத்தருகே, நூல்போல் ஒளி தெரிந்தது. அரைச் சுற்றில் மறைந்தது. மறு அரைச் சுற்றில் மீண்டும் தெரிந்தது. அந்த இடத்தில் நகத்தை ஓட்டச் சொன்னார். மிக நுண்ணிய வரிகள் தட்டுப்பட்டன. ஒருமுறை வளைந்து, அழுத்து எந்திரத்தில் நிமிர்த்தப்பட்ட குழாய் அது. நிமிரும்போது பூச்சு வெடித்திருக்கிறது. இரும்பு அந்த இடத்தில் களைத்துப்போயிருக்கும் என்றார்.

“இது வேணாண்ணே.”

“அட, லேசா இருக்குது பாய். அதான் எங்க வண்டியில இருந்தத விட நூறு மடங்கு நேரா இருக்குதே. பாதி வெலைக்குக் குடுங்க. பொங்கல் முடியிற வரைக்கும் ஓடினாப் போதும்.”

“பாதி வெலைக்கும் இல்லண்ணே.”

வந்தவர் என்னைப் பார்த்தார். நான் தாடியும் தலைப்பாகையுமாக அமர்ந்திருந்ததால் எனக்கு ஏதோ அதிகாரம் இருப்பதாக நினைத்திருக்க வேண்டும். “நீங்க சொல்லுங்க பெரியவரே. குறையைச் சொல்லிட்டாரு, நான் ஒத்துக்கிட்டேன். அப்புறம் என்ன?” என்றார்.

சட்டப்படி அவர் கேட்டது சரியான கேள்வி. விற்கும் பொருளில் உள்ள குறையை மறைப்பது நம் மார்க்கத்தில் விலக்கப்பட்டிருக்கிறது. மறைத்து விற்கப்பட்டால் பொருளைத் திருப்பித்தரும் உரிமை வாங்கியவருக்கு உண்டு; கியாருல் ஐப் என்று ஃபிக்ஹு நூல்கள் அதை விரித்துரைக்கின்றன. கடைவீதியில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்த வரலாறு ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்ட பெருமானார் (ஸல்), ஏமாற்றுபவருக்கும் தமக்கும் தொடர்பில்லை என்று அறிவித்தார்கள். துணி வணிகரான இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கூட்டாளி, குறையுள்ள ஓர் ஆடையை அதன் குறையைச் சொல்ல மறந்து விற்றுவிட்டபோது, அந்தத் தொகையை இமாமவர்கள் தருமம் செய்துவிட்டதாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். இவையெல்லாம் குறையை மறைப்பது பற்றியவை. இங்கோ குறை வெளிச்சம் போட்டே காட்டப்பட்டுவிட்டது. வாங்குபவர் மனம் ஒப்பிவிட்டார். விற்பனை செல்லும் என்றுதான் நான் சொல்ல வேண்டும். அதைச் சொல்லவும் செய்தேன்.

நம் மாணவர் குழாயைத் துணியால் துடைத்துக்கொண்டே, “செல்லும்தான் ஹஜ்ரத்” என்றார். பிறகு வந்தவரிடம் திரும்பி, “அண்ணே, வண்டியில பின்னாடி யாரு உக்காருவாங்க?” என்று கேட்டார்.

“சந்தைக்குப் போறப்ப வீட்டுக்காரி வருவா. ஏன்?”

“நான் உங்ககிட்டச் சொல்லிட்டேன். அவங்ககிட்டச் சொல்லலியே.”

கடையில் சிறிது நேரம் பேச்சில்லை. எதிரே யாரோ ஒருவர் பம்பரைத் தட்டி நிமிர்த்திக்கொண்டிருந்தார். எவர்க்கும் தீங்கிழைக்கலாகாது, தீங்குக்குத் தீங்கும் கூடாது என்ற அடிப்படை விதியை ஆண்டுதோறும் மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறவன் நான். விற்பவர், வாங்குபவர் என்று இரண்டு பேரை வைத்தே எடுத்துக்காட்டுச் சொல்வது வழக்கம். பேரத்தில் கலந்துகொள்ளாமல், பாத்திர மூட்டைகளுக்கு நடுவே ஒடுங்கி உட்கார்ந்து வரும் அந்த மூன்றாவது ஆளைப் பற்றி என் பாடத்தில் இதுவரை எடுத்துக்காட்டு இருந்ததில்லை. இனி இருக்கும், இன்ஷா அல்லாஹ்.

வந்தவருக்குக் கோபம் போய்விடவில்லை. பேருந்துச் செலவும் ஒரு நாள் வியாபாரமும் வீண் என்று முணுமுணுத்தார். அது நியாயமான வருத்தம். நம் மாணவர் தேநீர் வரவழைத்துக் கொடுத்தார். அளவுகளை ஒரு சீட்டில் எழுதி, கடைப் பையனைத் துணைக்கு அனுப்பினார். கூவத்தின் மேலுள்ள பாலத்தைக் கடந்து அண்ணா சாலைக்கு அப்பால் போனால் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை. பழையவற்றுக்குப் புதுப்பேட்டை என்றால் புதிய உதிரி உறுப்புகளுக்கு அந்தச் சாலை. விலை கூடுதலாகும் என்பதையும் முன்கூட்டியே சொன்னார். பையன் கையில் வெர்னியரையும் கொடுத்து, “பெட்டியைப் பார்த்து வாங்காதே, பைப்பை அளந்து வாங்கு” என்று எச்சரித்தார். புதிய பெட்டிக்குள் போலிச் சரக்கு இருப்பதும் உண்டாம்.

அவர்கள் போனதும் அந்தக் குழாயை எடுத்துக்கொண்டு பக்கத்து வாயு வெட்டிக்காரரிடம் போனார். நானும் உடன் சென்றேன். ஏன் வெட்ட வேண்டும், ஓரமாகப் போட்டுவிட்டால் போதாதா என்றேன். “நான் இல்லாதப்ப பையன் எடுத்து வித்துடுவான் ஹஜ்ரத். பார்க்கப் புதுசாட்டம் மின்னுது பாருங்க” என்றார். நீலச் சுடர் பட்ட இடத்தில் குரோமியம் மஞ்சளாகி, பிறகு ஊதாவாகி, பிறகு சிவந்து உருகியது. இரண்டு துண்டுகளும் எடைக்கு விற்கும் பழைய இரும்புக் கூடையில் விழுந்தன.

அஸர் முடிந்து நாங்கள் கடைக்குத் திரும்பியபோது ஆரணிக்காரர் புதிய குழாயோடு வந்து காத்திருந்தார். அதையும் கண்ணாடியில் உருட்டிக் காட்டச் சொன்னார். தடையின்றி உருண்டது. விளக்கை அவரே பிடித்து, குனிந்து, ஒளி கசிகிறதா என்று வெகுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து நின்று, வண்டியில் இப்போது மாட்டியிருக்கும் மற்றொரு குழாயும் அதே விபத்தில் அடிபட்டதுதானே என்று கேட்டார்.

“ஆமாண்ணே. அதையும் கழட்டி எடுத்துட்டு வாங்க, பார்த்துடலாம்” என்றார் கடைக்காரர், கண்ணாடிப் பலகையை இருந்த இடத்தில் வைத்தபடி.